நான்காவது குற்றியில் விழுந்தவன்

நான் ஊசி குத்துகிறேன்; அவர்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள். கனடாவுக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. ஸ்காபரோவில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். காலை ஏழு மணிக்கு வெறுவயிற்றோடு வந்து கதிரையில் அமர்ந்து கையை நீட்டுகிறவர்களுக்கு நரம்பு தேடி இரத்தம் எடுப்பது என் தொழில். நரம்பு நழுவி இரண்டாம் தரம் குத்த வேண்டி வந்தால், "சொறி, என்னுடைய நரம்புகள் பொல்லாதவை" என்பார் முன்னால் இருப்பவர். திருகோணமலை ஆஸ்பத்திரியில் அப்படிக் குத்தியிருந்தால் என் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பார்கள். அந்தத் திட்டில் ஒரு நியாயம் உண்டு, பிழை யாருடையது என்று உடனே தெரிந்துவிடும். இங்கே கடைசிவரை தெரியாது. போன வருடம் எனக்கு அது பெரிய வினையாகிவிட்டது. என் கை பழுதாகிக்கொண்டு வருகிறது என்று நான் நம்பத் தொடங்கியிருந்தேன். அது உண்மையா என்று சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் என்னிடம் மன்னிப்பல்லவா கேட்டுக்கொண்டிருந்தார்கள்!

எல்லாம் ஒரு கடையில் தொடங்கியது. எங்கள் நிலையத்துக்கு அடுத்த பிளாசாவில், உடுப்புத் தோய்க்கும் கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவே, பழைய வீடியோ கேம் விற்கும் கடை ஒன்றைத் திறந்தார்கள். ஒரு மத்தியானம் உள்ளே போய், அங்கே நின்ற தாடிக்காரனிடம் "ரிவி கேம் இருக்கிறதா?" என்று கேட்டேன். அவன் குழம்பிப்போனான். "எல்லாக் கேமும் ரிவியில்தானே விளையாடுவது?" என்றான். அவனுக்கு ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு பெயர், ஒரு வருடம், ஒரு கொம்பனி. எங்களுக்கு எல்லாம் சேர்த்து ரிவி கேம்தான். கடைசியில் கையால் நடித்துக் காட்டினேன்: ஒரு குள்ளன், தலையில் கூடை, ஆற்றில் மிதக்கும் மரக்குற்றிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய்வான். தாடிக்காரனின் முகம் மலர்ந்தது. கண்ணாடி அலுமாரியைத் திறந்து மஞ்சள் நிறக் கசட் ஒன்றைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி எடுத்து வைத்தான். "ஒறிஜினல். ஜப்பானில் இருந்து வந்தது" என்றான். மேலே ஒட்டியிருந்தது அதே படம். முப்பது வருடத்துக்கு முன் எங்களிடம் இருந்தது அதன் கள்ளக் கொப்பி என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்தக் கசட் ஓடுகிற பழைய ஜப்பான் மெசினையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

எங்கள் கள்ளக் கொப்பி கப்பலில் வந்தது. அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கர். மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பலில் இருந்த ஒரு மாலுமி, சிங்கப்பூரில் வாங்கின ரிவி கேமை அப்பாவிடம் விற்றுவிட்டான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வெளியே போகப் பயப்பட வேண்டிய காலம். பொழுதுபடக் கதவைச் சாத்திவிட்டால் வீட்டுக்குள் இருந்த ஒரே ஆறு அந்த ரிவிக்குள் ஓடியதுதான். மூன்றாவது ஆட்டத்தில் நான்காவது குற்றி பொல்லாதது. தண்ணீருக்குள் தாண்டு போய், முழுக்க மூழ்கி, மேலே வரும். அது மிதக்கும் கணத்தில் பாய்ந்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் ஆற்றோடு போனோம். அப்பா கையால் அந்தப் பொருளைத் தொட்டதே கிடையாது. பின்னால் சாய்கதிரையில் படுத்திருந்து, சரியான நேரத்தில் "இப்ப!" என்பார். நான் பாய்வேன். அவருடைய "இப்ப" ஒருநாளும் தவறினதில்லை. பிறகு பிறகு அவர் சொல்லாமலே எனக்கு அது கேட்கத் தொடங்கியது. அந்தத் தெருவில் நான்காவது குற்றியைத் தாண்டின ஒரே ஆள் நான்தான் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

ஸ்காபரோ பேஸ்மென்றில் மெசினைப் பூட்டி, பழைய ரிவி ஒன்றைத் தேடிப் பிடித்து, அந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தேன். காதுக்குள் "இப்ப" கேட்டது. பாய்ந்தேன். தண்ணீருக்குள் விழுந்தேன். பழக்கம் விட்டுப்போச்சு என்று திரும்பப் பாய்ந்தேன். திரும்ப விழுந்தேன். அந்தக் கிழமை முழுதும் விழுந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரேயளவாகப் பிந்தினேன். மூளை சொல்வதற்கும் விரல் கேட்பதற்கும் இடையே ஏதோ ஒன்று புகுந்துவிட்டது போல இருந்தது. விளையாட்டில் தோற்றவனுக்கு எரிச்சல் வரும். எனக்குப் பயம் வந்தது.

ஏனென்றால் அப்பாவுக்கும் அப்படித்தான் தொடங்கியது. துறைமுகப் பேரேட்டில் அவருடைய எழுத்து கோவில் விளம்பரப் பலகை எழுத்துப் போல நிமிர்ந்து நிற்கும். அது மெல்ல மெல்லச் சிறுத்தது. வரியின் தொடக்கத்தில் கடலையளவாக இருந்தது முடிவில் கடுகளவாகிவிடும். மேலதிகாரி கண்ணாடி போட்டுப் பார்த்தார், பிறகு பூதக்கண்ணாடி கேட்டார், பிறகு அப்பாவை வைத்தியரிடம் அனுப்பினார். நடுக்குவாதம். முதலில் வருவது நடுக்கமல்ல, மந்தம்தான் என்று வைத்தியர் சொன்னார். சேர்ட் பொத்தான் பூட்டக் கால் மணித்தியாலம் எடுத்தது. வேலையை விட்டார். அவருக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. போன வருடம் எனக்கும் நாற்பத்துநான்கு.

அதற்குப் பிறகு பார்க்கிற இடமெல்லாம் அதுவாகவே தெரிந்தது. கரண்டி நழுவினால் அது. செருப்பின் வார் அகப்படாவிட்டால் அது. இரத்தக் குழாயில் ஒட்டும் சீட்டுகளில் என் எழுத்துச் சிறுக்கிறதா என்று பழைய சீட்டுகளோடு வைத்துப் பார்ப்பேன். கடினமான நரம்புக்காரர் வந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லிப் பக்கத்தில் வேலை செய்கிற பெண்ணிடம் தள்ளிவிடுவேன். வைத்தியரிடம் போகவில்லை. போனால் எழுதிவிடுவார், எழுதினால் ஊசி பிடிக்க விடமாட்டார்கள், வேறு தொழில் எனக்குத் தெரியாது. மனைவி சுகந்தியிடமும் சொல்லவில்லை. கலியாணம் முடித்து வந்தபோது எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சோறு ஊட்டினவள் அவள். இன்னொரு முறை அதைச் செய் என்று எப்படிச் சொல்வது?

ஆவணியில் தனியாக ஊருக்குப் போனேன். சாம்பல்தீவில் அக்கா புது வீடு குடிபூருகிறாள் என்பது வெளியே சொன்ன காரணம். எங்கள் பழைய ரிவி கேமில், பழைய கசட்டில், ஒரே ஒரு தரம் பாய்ந்து பார்க்க வேண்டும் என்பது உள்ளே இருந்த காரணம். அங்கேயும் விழுந்தால் சந்தேகமில்லை, நேரே வைத்தியரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

"ரிவி கேமோ?" என்று அக்கா சிரித்தாள். "அதை எப்பவோ பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சடா. கனடாவில இருந்து வந்து கேக்கிற சாமானைப் பார்!"

அடுத்த நாள் பஸ் எடுத்து ரவுனுக்குப் போய்க் கடை கடையாக ஏறினேன். முதலாவது போன் கடைக்காரர் தன்னுடைய போனையே நீட்டினார். "அண்ணன், இதுக்குள்ள ஆயிரம் கேம் கிடக்கு, ஏன் பழசைத் தேடுறியள்?" விளையாட்டுச் சாமான் கடையில் உள்ளங்கையளவு புதுப் பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். அதில் குள்ளன் இல்லை. மூன்றாவது கடையில் இருந்த அம்மா, எனக்குத்தான் ஏதோ மனக்கவலை என்று நினைத்தாரோ என்னவோ, சோடா தந்து இருத்திவிட்டு விசாரித்தார். "பழைய ரிவி சாமான் எண்டால் கிண்ணியாவுக்குப் போங்கோ, தம்பி. பாலம் தாண்டினவுடன நிசார் எண்டு கேளுங்கோ. அவர் ஒண்டையும் எறியிறேல்லை."

எறியவில்லைதான். கிண்ணியாவில் நிசார் நானாவின் கடைக்குள் முதுகு காட்டி அடுக்கிய பழைய ரிவிகளுக்கு நடுவே ஓர் ஆள் புகுமளவு வழி. என்னைவிட இரண்டு மூன்று வயது கூடியவராக இருப்பார்; அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். ஈயம் உருக்கும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் "ஒரு குள்ளன்" என்று சொல்லி முடிக்க முன்னமே, தட்டில் வரிசையாகக் கிடந்த கசட்டுகளில் ஒன்றை உருவி, ஊதித் தூசி தட்டி, மெசினில் செருகிவிட்டார்.

"இரிங்க" என்றார். "ஆடிப் பாத்துட்டு வாங்குங்க."

கதிரை நுனியில் இருந்தேன். முதலாம் ஆட்டம், இரண்டாம் ஆட்டம், பிறகு அந்த ஆறு. முதல் குற்றி, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது தாண்டு போனது. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "இப்ப" என்றது காதுக்குள். பாய்ந்தேன்.

குள்ளன் குற்றியின் நட்டநடுவில் நின்றான்.

நான் அழுதுவிட்டேன். மறைக்க நினைத்தும் முடியவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிசார் நானா ரிவியை அணைக்காமல் பக்கத்தில் வந்து இருந்தார். மனைவியிடம், அக்காவிடம் சொல்லாததை எல்லாம், என் பெயரைக்கூடக் கேட்காமல், ஒரு சொல்லும் குறுக்கிடாமல் இருந்த அந்த மனிதரிடம் கொட்டினேன். அப்பாவின் எழுத்து, சேர்ட் பொத்தான், கனடாவில் விழுந்த கதை. கேட்டு முடிய அவர் என்னைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டார்.

"கனடாவில விழுந்தீங்களா, லண்டன்ல விழுந்தீங்களா?"

"கனடா."

"அதான பாத்தன்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். "லீவுல வாற லண்டன்காரங்க ஒத்தரும் இந்தக் கத சொல்றல்ல. கனடாக்காரங்கதான் வந்து, நானா, வயசு போய்ட்டு, கை கேக்குதில்ல எண்டு அழுவாங்க. ஒங்கட கைக்கி ஒண்டுமில்ல. நம்மட ரிவி செக்கனுக்கு அம்பது படம் காட்டும். கனடா ரிவி, ஜப்பான் மெசின் எல்லாம் அறுவது. இந்தக் கேம் படத்த எண்ணித்தான் ஓடும். அங்க குற்றி கெதியாத் தாண்டு கெதியா வரும். நீங்க நம்மட கணக்குல பாஞ்சா எப்பிடித் தப்புவீங்க?"

நான் பிந்தவில்லை. ஆறுதான் வேகமாக ஓடியிருக்கிறது. இவ்வளவுதானா என்று சிரிப்பும் வந்தது, ஐந்து மாதம் நித்திரையில்லாமல் கிடந்ததை நினைக்கக் கோபமும் வந்தது. ஆனாலும் அந்த நிமிடத்தில் தோளிலிருந்து ஒரு மூட்டை நெல்லை இறக்கின மாதிரி இருந்தது. நிசார் நானா பிளேன்ரீ வரவழைத்தார். ஒற்றைக் கையால் வாங்கிக் குடித்தேன்.

அங்கிருந்தே சுகந்திக்குப் போன் எடுத்தேன். ஸ்காபரோவில் விடிந்தும் விடியாத நேரம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியுமப்பா" என்றாள். "நீங்கள் தேத்தண்ணியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிக்கத் தொடங்கின அண்டைக்கே தெரியும். சொல்லுவியள், சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். டொக்டரிட்ட நேரம் எடுத்து வைச்சிருக்கிறன். வந்த உடன போறம்."

"இனி ஏன்? ஒண்டும் இல்லையெண்டு தெரிஞ்சிட்டுதே."

"ரிவி திருத்திற ஆள் சொன்னதை நம்பி நான் நித்திரை கொள்ள ஏலாது."

நான் தனியாகச் சுமந்தேன் என்று நினைத்த பயத்தின் மறுநுனியை அவள் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது. திரும்பிப் போனதும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போனாள். வைத்தியர் விரலை விரலோடு தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு பக்கம் முழுக்க எழுதச் சொன்னார். முதல் வரியும் கடைசி வரியும் ஒரே அளவு. நடுக்குவாதத்தின் அறிகுறி எதுவும் இல்லை என்றார். சுகந்தி அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தாடிக்காரனிடமும் போய்ச் சொன்னேன். நான் சாமானைக் குறைசொல்ல வந்திருக்கிறேன் என்று அவன் நினைத்துவிட்டான். திருப்பி எடுத்துக்கொள்ளட்டுமா, சொறி, சொறி என்றான். இல்லையப்பா, இனி உன்னுடைய வேகத்திலேயே பழகப்போகிறேன் என்றேன். பழகினேன். கடினமான நரம்புகளை மறுபடி நானே எடுத்தேன். பின்னேரங்களில் பேஸ்மென்றில் இருந்து, காதில் "இப்ப" கேட்பதற்கு ஓர் இமைப்பொழுது முன்னமே பாயப் படித்தேன். அப்பாவுக்கு முந்திக்கொள்வது முதலில் மரியாதைக் குறைவு போல இருந்தது. மாரி முடிவதற்குள் பத்துக்கு ஒன்பது தரம் தாண்டினேன்.

இந்த ஆவணியில் சுகந்தியோடு ஊருக்கு வந்தோம். அவளுக்கு நிசார் நானாவைப் பார்க்க வேண்டுமாம். தன் புருசனின் பயத்தைத் தன்னைவிட முதலில் கேட்ட ஆள் யார் என்று தெரிய வேண்டுமாம். கிண்ணியாவில் கடைக்குள் அவளை ஒரு ரிவியின் மேல் இருத்திவிட்டு அவர் கசட்டை ஊதிச் செருகினார். நானும் மனைவிக்கு முன்னால் கொஞ்சம் கெத்தாகவே உட்கார்ந்தேன். நான்காவது குற்றி மேலே வர முன்னமே பாய்ந்து, வெறும் தண்ணீருக்குள் விழுந்தேன்.

மூன்று பேரும் சிரித்தோம். சுகந்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இஞ்சயும் விழத் தொடங்கிட்டீங்களா?" என்றார் நிசார் நானா. "அறுவதில இருந்து அம்பதுக்கு வர ஒரு மணித்தியாலம் செல்லும். ஆறுதலா இரிங்க."

திரும்பத் தொடங்கினேன். இரண்டாம் தரமும் முந்திப் பாய்ந்தேன். மூன்றாம் தரமும். விரலுக்கு ஒரு குறையும் இல்லை. அது இன்னும் ஸ்காபரோவில் இருந்து வந்து சேரவில்லை.