ஆயுத பூஜைத் தட்டில் என் அடையாள அட்டை

கழுத்தில் அட்டை இல்லாமல் யார் வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பவும் என்று எழுதி ஒட்டியவளே நான்தான். மைசூரில் எங்கள் கம்பெனியின் அடையாள அட்டைப் பிரிவில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். போட்டோ எடுப்பது, அட்டை அச்சடிப்பது, எந்த அட்டைக்கு எந்தக் கதவு திறக்கவேண்டும் என்று கம்ப்யூட்டரில் பதிவது எல்லாம் என் வேலை. எங்கள் டைரக்டர் ஒருநாள் அட்டையை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தார். அவரையும் விசிட்டர் அட்டை கொடுத்துத்தான் உள்ளே விட்டேன். ராட்சசி என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பேசட்டும், எனக்கென்ன.

என் பக்கத்து நாற்காலிக்காரி கொள்ளேகாலிலிருந்து வந்தவள். சுற்றிலும் கன்னடமே கேட்கும் ஆபீசில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ். நான் ரயில்வே குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' வரும். அக்கா, அக்கா என்று அவள் கூப்பிட்டதில், கூடப்பிறந்தவள் இல்லாத குறையே எனக்குத் தெரியவில்லை. அவள் மகள் என்னைப் பெரியம்மா என்பாள். பதினொரு வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் கை நனைத்தோம்.

இந்த ஊரில் ஆயுத பூஜை என்றால் லேசுப்பட்ட விஷயமில்லை. எது நமக்குச் சோறு போடுகிறதோ அதற்குப் பொட்டு வைத்தாக வேண்டும். கம்ப்யூட்டர், அச்சு மெஷின், கதவோரம் அட்டை காட்டும் பெட்டி, எல்லாவற்றுக்கும் குங்குமம். வராந்தா கேமராவுக்குக்கூட யாரோ சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். கடைசியில் எல்லாரும் அட்டையைக் கழற்றி ஒரே தாம்பாளத்தில் வைப்போம், புரோகிதர் ஒவ்வொன்றாகப் பொட்டு வைப்பார். வருஷத்தில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் என் சட்டம் எனக்கே மறந்துவிடும். சாமி காரியத்தில் யாராவது செக்யூரிட்டி பார்ப்பார்களா? போன வருஷம் என் அட்டையை வாங்கக் கை நீட்டியது அவள்தான். "குடுங்கக்கா, நான் வெக்கறனுங்க" என்றாள். கொடுத்துவிட்டுக் கற்பூரத் தட்டோடு முன்னால் போய் நின்றேன்.

பூஜை முடிந்து பொரிகடலை பங்கிடும்போது அவளே என் அட்டையைக் கொண்டுவந்து கழுத்தில் மாட்டினாள். மற்றவர்களுடையதெல்லாம் சந்தனமும் குங்குமமுமாக அப்பிக்கிடந்தது. என்னுடையது மட்டும் பளிச்சென்று இருந்தது. எனக்காகத் துடைத்திருக்கிறாள், என்ன பாசம் பார் என்று உருகிப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விடுமுறை முடிந்து வந்தால், ரெகார்டு ரூமில் சீல் வைத்திருந்த கவர் பிரிந்து கிடக்கிறது. புதிதாக ஆள் எடுக்கும் தேர்வின் கேள்வித்தாள் அதில் இருந்தது. அந்த அறையைத் திறக்கும் அட்டை மொத்தம் இரண்டு. ஒன்று மானேஜருடையது, அன்று அவர் ஊரிலேயே இல்லை. இன்னொன்று என்னுடையது. பூஜை நடந்த நேரத்தில் என் அட்டை அந்தக் கதவைத் திறந்ததாகக் கம்ப்யூட்டர் சொன்னது. கேமராவில் பார்த்தால் வெறும் சாமந்திப்பூ.

விசாரிக்கப் பெங்களூர் தலைமை ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வேலை போனால்கூடப் பரவாயில்லை, திருடி என்ற பேரோடு போகவேண்டுமே என்றுதான் பயந்தேன். எல்லார் அட்டையும் தாம்பாளத்தில்தான் இருந்தது, என்னுடையதும் இருந்தது என்று சொன்னேன். அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஆபீசுக்குள் அட்டையைக் கழற்றினீர்களா என்று கேட்டார். கழற்றினால் மெமோ என்பது நான் கொண்டுவந்த சட்டம்தானே. கழற்றவே இல்லை என்றார்கள், ஒருத்தர் பாக்கியில்லாமல். பூஜையைப் போட்டோ எடுத்தவர்கள்கூட எல்லாம் அழிந்துவிட்டது என்றார்கள். இவர்கள் வீட்டுக் கல்யாணம் காதுகுத்து ஒன்று விடாமல் போய் நின்றவள் நான். சீ!

போகட்டும், இவள் இருக்கிறாளே என்று தைரியமாக உட்கார்ந்திருந்தேன். கடைசியாக அவளைக் கூப்பிட்டார்கள். என் பக்கம் திரும்பாமல், அதிகாரியைப் பார்த்து நிதானமாகக் கன்னடத்தில் சொன்னாள்.

"அக்கா ரொம்ப ஸ்ட்ரிக்ட் சார். அவங்க கார்டைக் கழுத்தை விட்டுக் கழட்டி நான் பார்த்ததே இல்லை."

என்னைப் புகழ்கிறாளாம்! என்னைத் திருடியாக்க அந்த ஒரு பாராட்டே போதுமாக இருந்தது. அப்போதுதான் பளிச்சென்ற அட்டை ஞாபகத்துக்கு வந்தது. அவள் எதையும் துடைக்கவில்லை. புரோகிதர் பொட்டு வைத்தபோது என் அட்டை தாம்பாளத்திலேயே இல்லை. இதை அதிகாரியிடம் சொன்னேன். பொட்டில்லாத அட்டையெல்லாம் ஒரு சாட்சியா அம்மா என்று கேட்டார்.

ஆதாரம் போதாதென்று வேலையில் வைத்துக்கொண்டார்கள். கையில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ரெகார்டு ரூம் கதவை என் அட்டையிலிருந்து எடுத்து அவள் அட்டைக்கு மாற்றச் சொன்னார்கள். உட்கார்ந்து மாற்றிக்கொடுத்தவளும் நான்தான். அன்றிலிருந்து தனியாகச் சாப்பிடுகிறேன்.

வேறு கேள்வித்தாள் வைத்துத் தேர்வு நடந்தது. தேறியவர்கள் அட்டைக்குப் போட்டோ எடுக்க என் முன்னால் வரிசையில் நின்றார்கள். அதில் அவள் மகளும் நின்றாள். மகள் விண்ணப்பம் போட்ட விஷயத்தையே அம்மாக்காரி என்னிடம் மறைத்திருக்கிறாள். யாருக்காகக் கவரைப் பிரித்தாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. திருட்டுக் கேள்வி ஒன்றுமில்லாமல், அந்தப் பெண் சொந்தப் படிப்பில் தேறியிருந்தாள். பெற்ற மகளைக்கூட நம்பாதவள் என்னையா நினைத்துப் பார்த்திருக்கப் போகிறாள்.

"பெரியம்மா, போட்டோ சென்னாகி வந்துச்சா?" என்று கேட்டாள் அந்தப் பெண். அழகாகத்தான் வந்திருந்தது. அச்சடித்து, என் கையாலேயே அவள் கழுத்தில் மாட்டினேன். அவள் அம்மா பின்னாலேயே நின்றிருந்தாள்.

"இதை யார் கேட்டாலும் கழட்டிக் குடுத்துடாதே கண்ணு" என்றேன். "உங்கம்மா கேட்டாலும்."

பெரியம்மா வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள். அவள் அம்மா தன் கழுத்திலிருந்த அட்டையைக் கையால் மூடிக்கொண்டாள்.