தாமூவின் யூத ஜின்

சனிக்கிழமை யூதர்கள் தீ மூட்டக்கூடாது. அதனால் மொகதோர் ஊரில் அன்று யூதர் வீட்டு அடுப்பை மூட்ட அக்கம்பக்கத்து முஸ்லிம் பெண்களைக் கூப்பிடுவார்கள். தாமூவைக் கூப்பிட்டுப் பயனில்லை. அவளும் முஸ்லிம்தான், ஆனால் அவள் மேல் ஏறி ஆட்டிவைத்த ஆவி ஒரு யூத ஜின். சனிக்கிழமை தீக்குச்சியைத் தொட்டாலே கை விறைத்து விழுந்துவிடுவாள்.

"எங்காளு உன் மேல வந்து குந்திக்கிட்டானேடி! இனி உனக்கும் சூடா டீ கிடையாது, எனக்கும் கிடையாது" என்று எதிர்வீட்டு யூதப் பெண் ஃப்ரெஹா சிரிப்பாள்.

ஞாயிறு காலை அவள்தான் அத்திப்பழச் சாராயம் கொண்டுவந்து ஊற்றுவாள். குடிப்பது ஜின், தாமூ இல்லையே! ஜின்னுக்கு உரிய கறுப்புத் துணியைத் தலையில் போர்த்தியதும் தாமூ ஆடுவாள், பிறகு பலகையில் வரைவாள். குளம்புக்கால் பெண்கள், உடம்பெல்லாம் கண்ணான மீன்கள். ஜின் இறங்காவிட்டால் அவளுக்கு ஒரு பூனைகூட வரைய வராது. மத்தி பிடிக்கப் போகும் கணவன் வீடு தங்குவதில்லை. அந்தப் பலகைகள்தான் அவளுக்குப் பேச்சுத்துணை.

யூதர்கள் குடும்பம் குடும்பமாக நாட்டைவிட்டே கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது.

"நீயும் போயிடுவியா?"

"உங்கிட்ட சொல்லாம எங்கடி போவேன்? என்ன பேச்சு இது!"

அந்தப் புதன்கிழமை ஃப்ரெஹா வந்து, "அந்தக் கறுப்புத் துணி ஒரே அழுக்கு. குடு, துவைச்சுத் தரேன்" என்றாள். துணி போகும் இடத்துக்கு ஜின்னும் போகும். அதனால் அதை வாசல் தாண்ட விடக்கூடாது என்பது இருவருக்குமே தெரியும். அப்படியும் தாமூ கொடுத்தாள். கூடப்பிறந்தவள் மாதிரி பழகியவளைப் போய்ச் சந்தேகப்படுவதா?

சனிக்கிழமை எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது.

"கப்பலைப் பிடிக்க வியாழக்கிழமையே பஸ் ஏறிட்டாங்களே. உங்கிட்டகூடவா சொல்லல?" என்றான் ரொட்டிக்கடைக்காரன்.

தாமூ வீட்டுக்குள் ஓடித் தீக்குச்சியை உரசினாள். பற்றிக்கொண்டது. கை விறைக்கவே இல்லை. மறுநாள் சாராயத்தைத் தானே ஊற்றிக் குடித்தாள். தலைதான் சுற்றியது. பலகையில் விழுந்தது வெறும் கிறுக்கல்.

புது ஊரில் துணைக்கு இருக்கட்டும் என்று ஜின்னைத் துணியோடு எடுத்துப்போனாளோ என்னவோ. எதற்கானால் என்ன, திருட்டு திருட்டுதான். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான்.

தாமூ போய் அந்தப் பூட்டைப் பிடித்து உலுக்கினாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

"அடிப்பாவி! போறேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? துணைக்கு வேணும்னு கேட்டிருந்தா அவனை நானே உங்கூட அனுப்பியிருப்பேனேடி!"