நிறைகுடத்தடியில் போன விதைநெல்

அண்ணாவின் கல்யாணத்துக்குத் தாலிப் பொன்னுருக்கு நடந்த அன்று அம்மா என் ஆராய்ச்சியை நிறைகுடத்துக்கு அடியில் பரப்பிவிட்டார்.

கொழும்பு வெள்ளவத்தையில் கேட்டவுடன் எல்லாம் கிடைக்கும், நெல் கிடைக்காது. வாழையிலையில் நெல் பரப்பாமல் நிறைகுடம் வைக்க அம்மாவுக்கு மனம் வராது. கடையில் கிடைத்தது போதவில்லையாம். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த என் பொட்டலத்தையும் பிரித்துக் கொட்டிவிட்டார். ஆய்வுகூடத்துப் பெட்டி பழுதானதால் நான் வீட்டுக்குக் கொண்டுவந்த விதை அது. அந்த வகையில் வேறு ஒரு மணிகூட என்னிடம் இல்லை. அது போனால் என் பட்டமும் போனது.

சடங்கு முடிந்தபிறகுதான் விஷயம் தெரிந்தது.

"நெல்லைக் குப்பையில போடக்கூடாது பிள்ளை. கறிவேப்பிலைச் சாடியில தூவி விட்டனான்."

"என்ர அந்திரட்டியையும் சேர்த்துச் செய்து விடுங்கோ!" என்று கத்தினேன். செத்தவர்களுக்குச் செய்யும் சடங்கு அது, கல்யாண வீட்டில் வாயில் வரக்கூடாத சொல். அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

பால்கனிச் சாடியில் இரண்டு நெல்லும் கலந்து முளைத்தன. எது என்னுடையது, எது கடை நெல் என்று பார்த்துச் சொல்லவே முடியாது. பிரித்தறிய ஒரே ஒரு வழி இருந்தது.

ஒரு பயிரின் ஒவ்வொரு உயிர்க்கலத்திலும் எல்லா மரபணுக்களும் இருக்கும். எது எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதைச் சில புரதங்கள் தீர்மானிக்கும். அவை மரபணுவுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதை முடுக்கிவிடும், அல்லது அடக்கிவைக்கும். படியெடுத்தல் காரணிகள் என்பார்கள். மண் காய்ந்தால் அவற்றில் ஒன்று விழித்துக்கொள்ளும். வளர்ச்சி நிற்கும், இலை சுருளும், இருக்கிற ஈரத்தைப் பயிர் சிக்கனமாகப் பிடித்துவைக்கும். என் நெல்லில் அந்தக் காரணி பழுது. தண்ணீர் இல்லாவிட்டாலும் அது தன்பாட்டில் வளர்ந்துகொண்டிருக்கும், பிறகு மற்றவற்றுக்கு முதலே வாடிவிழும். அதனால் சாடியைக் காயப்போட வேண்டியிருந்தது.

"ஒரு சொட்டுத் தண்ணியும் விடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

"வீட்டில நிக்கிற பயிரை வாட விடுறது பாவமெல்லோ?"

"விட்டால் நான் படிப்பை விட்டிட்டுப் போறன்."

அம்மா செம்பை வைத்துவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு ஒவ்வொரு காலையும் குளித்துவிட்டு வந்து, வெறுங்கையுடன் சாடிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். நானும் போய்க் குந்தியிருந்து இலைகளைப் பார்ப்பேன். கடல்காற்றில் மண் சீக்கிரம் காய்ந்தது. பெரும்பாலான நாற்றுகள் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றுவிட்டன. இடையிடையே சில மட்டும் இலையை விரித்தபடி உயர்ந்துகொண்டே போயின. ஒரு மத்தியானம் அவை தலைசாய்ந்தன.

"அம்மா, வாடிட்டுது! வாடிட்டுது!" என்று துள்ளினேன்.

குசினியில் சமையலை விட்டு ஓடிவந்தவரின் கண் நிறைந்திருந்தது. "ஐயோ, எல்லாம் போச்சோ? என்னாலதானே!"

"போகேல்லை அம்மா. இந்த வாடினதுதான் என்ர நெல். தண்ணியைக் கொண்டு வாங்கோ!"

கல்யாணத்தில் மிஞ்சிய மஞ்சள் நூலை எடுத்து, சாய்ந்த நாற்றுகளில் அவசரமாகக் கட்டினேன். அம்மா செம்போடு வந்து கையால் ஏந்தி ஏந்தி விட்டார். நூல் கட்டியவை எல்லாம் என் நெல்தான் என்று பிறகு ஆய்வுகூடத்தில் உறுதியானது. கதிரும் வந்தது, விதையும் கிடைத்தது. அன்று எனக்கு அது ஒன்றும் தெரியாது. பின்னேரம் இலைகள் மெல்ல நிமிர்ந்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

அம்மா செம்பைக் கவிழ்த்து வைத்தார். "சரி, இனி நானும் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்."

"ஏன், இவ்வளவு நாளும் குடிக்கேல்லையோ?"

"பயிர் தண்ணியில்லாமல் நிக்கேக்க எனக்கு எப்பிடி இறங்கும்?"

நான் எழுந்துபோய் அடுப்பில் கேத்தலை வைத்தேன்.