தக்காளிக்கு நோய் வைத்த காலம்

நோயைத் தீர்க்கிறவருக்குக் கும்பிடு கிடைக்கும். நோயை வைக்கிறவரை ஊரே ஒரு மாதிரி பார்க்கும். எழுபதுகளில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் நான் உதவியாளர். எந்தத் தக்காளி ரகம் நோயைத் தாங்கும் என்று பார்க்க, நல்ல செடிகளுக்கு நாங்களே வைரஸ் ஏற்றுவோம். செய்யும் வேலையை வெளியே சொல்லத் தயங்குகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

மெருகுத்தூள்

நோய் கண்ட இலையை அரைத்துச் சாறெடுத்து, நல்ல இலைமேல் கரகரப்பான தூளைத் தூவி, சாற்றைத் தொட்டு விரலால் தேய்ப்போம். தூள் போடும் சின்னக் கீறல் வழியே வைரஸ் உள்ளே போகும். ஒருமுறை தூள் தீர்ந்துவிட்டது. சிலைக்கு மெருகேற்ற அதே தூள்தானே என்று மாமல்லபுரம் சிற்பக்கூடத்துக்குப் போனேன்.

சிற்பி உளியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்தச் சிலைக்கும்மா?” என்றார். தக்காளி இலைக்கு என்றேன். விளக்கிச் சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் இறுகியது. கடைசியில் ஒரு பொட்டலம் கொடுத்தார்.

“செலை திருட வந்துகீறேன்னு சொல்லியிருந்தாகூட நம்பியிருப்பேம்மா!”

யார் கை?

நோய் ஏற்றாமல் ஒப்பிடுவதற்காகத் தனியே வைத்திருந்த செடிகளிலும் மஞ்சள் திட்டு விழுந்தது. புகையிலைக்கு வரும் வைரஸ்தான் அது; புகையிலை தொட்ட கையோடும் வரும். காவலாளியின் பீடிமேல் எனக்குச் சந்தேகம், அவருக்கு என்மேல். எங்கள் அதிகாரி ஒவ்வொருவர் கையையும் மோந்து பார்த்தார்.

கூட வேலை செய்த ஸ்டெல்லா, “ஆளுக்கொரு செடியில கையைத் தேய்ச்சிப் பார்த்துடலாமே சார்” என்றாள். தேய்த்தோம். சில நாளில் நோய் வந்தது ஒரே செடிக்கு, அதிகாரி தேய்த்ததற்கு. அவர் சட்டைப்பையில் மூக்குப்பொடி டப்பா எட்டிப் பார்த்தது. பொடியும் புகையிலைதானே. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“நாளையிலேருந்து எல்லாரும் ஒழுங்கா சோப்பு போட்டுக் கை கழுவணும்.”

பக்கத்து நிலம்

பண்ணையை ஒட்டி ஏழுமலை தக்காளி போட்டிருந்தார். காய்க்கும் நேரத்தில் இலையெல்லாம் சுருண்டது. பிடுங்கிய செடியோடு வந்து, “இன்னாம்மா, உங்க நோவு என் பொழப்புல வந்து நிக்கிது” என்றார். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

அவர் கண்ணெதிரே அந்த இலைச் சாற்றை எங்கள் செடிகளில் தேய்த்தேன். தினமும் வந்து பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவர் நிலத்து வெள்ளை ஈக்களைப் பிடித்து, வலைக்கூண்டுக்குள் வேறு நல்ல செடிகள்மேல் விட்டேன். அந்தச் செடிகள் சுருண்டன. நாங்கள் வைத்த நோய் தேய்த்தால் வருவது. அவருடையது ஈ கொண்டுவந்தது. ஒத்துக்கொண்டார். நோய்ச்செடிகளைப் பிடுங்கி எரிக்க நானும் கூடப் போனேன். ஒரு மாதம் கழித்து வழியில் பார்த்தபோது சிரித்தார்.

“கத்திரி நட்டுகீறேம்மா. நீ மட்டும் அந்தாண்ட வந்துடாத.”

செடிக்கு நோய் ஏற்ற விரலோ ஈயோ தேவைப்பட்டது. மனிதருக்குச் சந்தேகம் ஏற்ற, என் வேலை என்னவென்று நான் சொன்னாலே போதுமாக இருந்தது.