கரையான்சாவடியில் நான் அழித்த கல்யாணம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம். கரையான்சாவடியில், ஒரு தேவாலயக் கூடத்தில், இரண்டு நாள் குறும்படப் பட்டறை என்று நோட்டீஸ் பார்த்தேன். கட்டணம் ஐம்பது ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. சினிமாப் பைத்தியம் தலைக்கேறியிருந்த வயது. விடுவேனா?

சனிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்குப் பெரம்பூரில் ரயில் ஏறினேன். ஆவடியில் இறங்கி, பூந்தமல்லி பஸ்ஸில் இரண்டு ரூபாய் டிக்கெட். பத்து கிலோமீட்டரை முக்கால் மணி நேரம் உருட்டினார் டிரைவர் புண்ணியவான். அங்கிருந்து கரையான்சாவடிக்கு இருபது நிமிட நடை. மே மாதத்தில் நடக்காதீர்கள், எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

இருபது பேருக்கு ஒரே வீடியோ கேமரா. அதைக் கொண்டுவந்தவர் செல்வம், கல்யாண வீடியோ எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவின் முறை வந்தபோது கேசட் தீர்ந்திருந்தது, செல்வம் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் பையில் பெயர் எழுதாத கேசட் ஒன்று கிடைத்தது. போட்டால் பதிவாகவில்லை. கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைத்திருந்தார்கள். அழியக் கூடாத கேசட்டைத்தான் அப்படி உடைப்பார்கள். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அந்த ஓட்டைமேல் செலோடேப் ஒட்டி டி.வி. பாட்டு பதிவு செய்வது வழக்கம். பெரிய மேதாவி மாதிரி ஒட்டினேன். முதலிலிருந்து கால் மணி நேரம் எடுத்துத் தள்ளினோம்.

மாலை நான்கு மணிக்குத் திரையிடல். எங்கள் திருடன் போலீஸ் படம் முடிந்து கைதட்டினார்கள். டி.வி.யை அணைப்பதற்குள் ஒரு கல்யாணப் பந்தி ஓட ஆரம்பித்தது.

"அடப்பாவி! இன்னாய்யா பண்ணிவெச்சிகீறே?" செல்வம் எழுந்துவிட்டார். "மேனாம்பேடு ஸ்டெல்லா கல்யாணம்யா இது! அவங்கப்பா போன மாசம் தவறிட்டாரு. பொண்ணு கையப் புடிச்சிகினு கோயிலுக்குள்ள இட்டாந்தாரே, அது இதுல மொதல்லயேதான் கீது. இன்னிக்கு எடுத்தாரேன்னு சொல்லிகீறேன்."

"வேற காப்பி கீதா அண்ணாத்தே?" என்றேன்.

"இல்லடா."

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல மனம் வராது: உங்கள் கேசட்டை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். அடுத்தவர் பையில் கை வைக்காதீர்கள்.

செல்வத்தின் மொபெட்டில் திருவேற்காடு வழியாக மேனாம்பேடு, நாற்பது நிமிடம். வழியெல்லாம் ஒரு பள்ளம் விடாமல் இறக்கி ஏற்றினார். திட்டியிருந்தால் தேவலை.

ஸ்டெல்லாவுக்கு என் வயதுதான் இருக்கும். "நான்தாங்க அழிச்சிட்டேன்," என்றேன். அவள் கேசட்டை வாங்கி வி.சி.ஆரில் போட்டாள். எங்கள் அசட்டுப் படத்தை முழுதும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு உயிர் போய் வந்தது.

பிறகு பந்தி. சோற்று வாளியோடு ஒருவர் திரும்பினார். கேமராவைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். "என்னிய இன்னாத்துக்குப்பா புடிக்கிறே? பொண்ணப் புடி." கேமரா சட்டென்று மணமகள் பக்கம் போய்விட்டது. நான்கு வினாடிகூட இருக்காது. மீதிக் கேசட்டை ஓட்டிப் பார்த்தோம். அவள் அப்பா வேறெங்கும் இல்லை.

ஸ்டெல்லா கேசட்டை அந்த இடத்துக்கே திரும்பச் சுற்றி மூன்று முறை பார்த்தாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. செல்வத்திடம் மட்டும் கேட்டாள்:

"அவரு சொன்னா, நீ உடனே கேமராவத் திருப்பிடுவியாண்ணா?"