ஒயினிலும் பிளெண்ட்

அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு சீமைச் சரக்குப் பாட்டிலைப் பார்த்துவிட்டேன். என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனது சாராயம். அவருடைய வருசத் திதி முடிந்ததும், குலசாமி கோயிலில் என் மகன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான், ஆயுசுக்கும் வாயில் வைக்கமாட்டேன் என்று. அதை நம்பித்தான் நான் தலைநிமிர்ந்து நடக்கிறேன். இப்போது அவனுக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி. முதலாளிமார் என்னென்ன பழகுகிறார்கள் என்று கேட்க எனக்கும் காது உண்டு.

மருமகளை விசாரித்தேன். இத்தாலியிலிருந்து பனியன் வாங்க வரும் பையர் போன தடவை கொடுத்ததாம். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாராம், அவருக்கே ஊற்றத்தான் வைத்திருக்கிறதாம். ஒயின் என்றால் திராட்சைச் சாறுதான் என்றாள். திராட்சைச் சாற்றை எதற்கு ஒளித்துவைக்க வேண்டும்?

"ஒளிச்சு வெக்கலீங்க அத்தை. வெளிச்சம் படக்கூடாதுங்களாம். மூணு வகைத் திராட்சை கலந்த பிளெண்டுங்க. ரொம்ப வீரியமானதாம்."

பிளெண்ட் என்றாளே, அங்கேதான் என் சந்தேகம் முற்றியது. எங்கள் ஊரில் பிளெண்ட் என்றால் பருத்தியில் பாலியஸ்டர் கலந்த நூல். சுத்தக் காட்டன் என்று சொல்லி அதைத் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. நான் பனியன் கம்பெனியில் துணி செக்கிங்கில் நின்ற காலத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பேன். காட்டன் காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். படிக்காதவள்தான், ஆனால் என்னை ஏமாற்றிய நூல் கிடையாது. பாட்டிலை எப்படிக் கொளுத்துவது? தினமும் எடுத்து, மூடியின் உறை பிரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். பிரியவில்லை.

ஞாயிறன்று பையர் வந்தார். கையில் இன்னொரு பாட்டில். பழையதை அவரே திறந்து ஊற்றிக்கொண்டார். புளித்த நாவல்பழம் போல ஒரு வாடை. ஒரு திராட்சை வீரியத்துக்கு, ஒன்று நிறத்துக்கு, ஒன்று கரகரப்பைத் தணிக்க, ஒன்றின் குறையை மற்றது மூடும் என்று அவர் சொன்னதை மருமகள் எனக்குச் சொன்னாள். குறையை மூடத்தானே எல்லாக் கலப்பும் என்று நினைத்துக்கொண்டேன்.

வரமிளகாய் அள்ளிப்போட்ட சிந்தாமணிச் சிக்கனைத் தின்று ஒரு வாய் ஒயின் குடித்தார். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒயின் மிளகாய்க் காரத்தை ஏற்றிவிடுமாம். தேங்காய்ப் பல் போட்ட வெள்ளாட்டுக் கறி வறுவலோடு குடித்தபோது கண்ணை மூடித் தலையாட்டினார். கொழுப்புள்ள கறிக்குத்தான் இது பொருந்துமாம். ரசம் வந்ததும் கிளாசைத் தள்ளி வைத்தார். நாக்குத் தெரிந்த மனுசன்தான்.

பிறகு என் மகனுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார். அவன் வேண்டாமென்றான். நான் நின்றால் எந்த மகனும் வேண்டாமென்றுதான் சொல்வான். வேண்டுமென்றே அடுப்படிக்குள் போய், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்துவிட்டு வந்தேன். கிளாஸ் ஊற்றின மட்டத்திலேயே இருந்தது. வயிறு குளிர்ந்தது.

அப்போது பையர் புதுப் பாட்டிலை அவனிடம் நீட்டினார். அவன் தக்கைக்குள் திருகுகம்பியை இறக்கி, மூன்று சுற்றுச் சுற்றி, தக்கையைப் பிசிறில்லாமல் உருவினான். பையருக்கு ஊற்றி முடிக்கையில் பாட்டிலை லேசாகத் திருப்பினான், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. புதுக் கை எது, பழகின கை எது என்று வாசலில் நின்றே சொல்லக்கூடியவள் நான்.

அவர் காரேறிப் போனதும் கேட்டேன்.

"இந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்துச்சு கண்ணு?"

"ஓட்டல்ல பையருங்களுக்கு நாந்தானுங்க ஊத்தித் தரோணும். ஊத்தறதோட சரிங்கம்மா. வேணும்னா வாயை மோந்து பாருங்க."

மோந்தேன். கறி மசாலா வாசம்தான் வந்தது. அது அன்றைக்கு மட்டும் சாட்சி. ஓட்டலில் உட்காரும் நாட்களுக்கு நான் எங்கே போய் மோப்பம் பிடிப்பது?

"இனி எந்தப் பையர் வந்தாலும் சோறு நம்மூட்டுலதான். கறி நான் வறுக்கறேன்" என்றேன்.

"சரிங்க" என்றான். சொல்லிக்கொண்டே அந்தத் திருகுகம்பியைத் துடைத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டான்.