ஹேசல் வீட்டு விறகுக் கொட்டகைச் சுவர்

எதையாவது நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் ஓர்வில் திபோ வலது காலைத் தரையிலிருந்து தூக்கிவிடுவார். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் தூக்குவார். சாப்பாட்டு மேசையில் மகள் கோலெட் புத்தி சொல்ல ஆரம்பித்தாலும் தூக்குவார். ஆறு வருடமாக அவள் பார்த்துவந்த பழக்கம் அது. அதைக் கொண்டுவந்து சேர்த்தவளும் அவள்தான்.

நாற்பது வருடம் அவர் ஓட்டியது கியர் டிராக்டர். இடது முழங்கால் போனதும் கிளட்சை மிதிக்க முடியவில்லை. ஆனால் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பனி யார் முழங்காலையும் பார்த்து விழுவதில்லை. மேட்டு வீட்டு ஹேசலுக்கு வாரம் மூன்று நாள் விடிகாலையில் டயாலிசிஸ். அவள் கணவன் இறந்ததிலிருந்து அவளுடைய நீளப் பாதையில் டிராக்டரால் பனியை ஒதுக்கிவிடுவது ஓர்வில்தான். கூலிப் பேச்சே கிடையாது. எப்போதாவது அவள் அடுப்பில் சுட்ட ஓர் ஆப்பிள் பை வரும்.

குடும்பத்தின் முதல் பட்டதாரியான கோலெட் டிராக்டர்களைப் பற்றி நாலு இடத்தில் படித்துப் பார்த்து, கிளட்ச் இல்லாத சின்ன டிராக்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். வலது காலுக்கு ஒரே பெடல். நுனிக்காலால் அழுத்தினால் முன்னே போகும். குதிகாலால் அழுத்தினால் பின்னே.

"நிறுத்துறதுக்கு?"

"காலை எடுத்துடுங்கப்பா. நின்னுடும்."

"இது என்னடி வண்டி! நிக்கணும்னா மிதிக்கணும். அதுதானே உலக வழக்கம்?"

"இதுல மிதிச்சா பாயும். பயமா இருந்தா காலைத் தூக்குங்க."

"பயமா? எனக்கா?"

முதல் பனி விழுந்த அன்று ஹேசலின் விறகுக் கொட்டகை கிட்டத்தில் வந்தது. நிறுத்த நினைத்ததும் நாற்பது வருடப் பழக்கம் காலில் இறங்க, ஓங்கி மிதித்தார். வண்டி பாய்ந்தது. சுவரை உடைத்து, உள்ளே விறகுக் குவியலில் முட்டி எஞ்சின் அணைந்த பிறகுதான் நின்றது.

ஹேசல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். "யோவ் ஓர்வில், கதவு அந்தப் பக்கம் இருக்குய்யா."

"இந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு பார்த்தேன்."

"முதல்ல பாதையத் திற. ஆஸ்பத்திரி வேன் வந்துரும்."

"பனி உருகட்டும், சுவரக் கட்டித் தரேன். அது என் கடன்."

அன்றிரவிலிருந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பழகினார். ஆறு குளிர்காலத்தில் ஹேசலுக்கு ஒரு டயாலிசிஸும் தவறவில்லை. சுவர்தான் எழவில்லை. சேறு காயட்டும் என்பார். காய்ந்தால் வைக்கோல் வேலை, அது முடிந்தால் விறகு, அதற்குள் மறுபடி பனி. ஓட்டையை ஒரு நீலத் தார்ப்பாய் மூடியிருந்தது.

போன நவம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கம் முடிந்த நாலாம் நாள் பனி கொட்டியது. கோலெட் தான் வசிக்கும் வெளியூருக்குத் திரும்பாமல் இருட்டோடு அப்பாவின் வண்டியை எடுத்தாள். இதை அப்பாவுக்காகத்தான் வாங்கினேனா, பனி விழும்போதெல்லாம் நான் ஓடி வராமல் இருப்பதற்காகவா? ஹேசலின் பாதை முழுக்க அதுவே மனதில் ஓடியது. கொட்டகை அருகே காலை எடுத்தாள். வண்டி நின்றது. வேன் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"தச்சரக் கூட்டிட்டு வரேன் ஹேசல். சுவர முடிச்சிடலாம்."

"தொடாதே. அது அவன் எனக்குத் தரவேண்டியது. உனக்கு அதுல என்ன வேலை?" ஹேசல் மூச்சு வாங்கினாள். "அந்தச் சுவரச் சொல்லித்தான் வாராவாரம் அவன காபிக்கு உட்கார வெச்சேன்."

வேன் வெளிச்சம் திருப்பத்தில் தெரிந்தது.

"தார்ப்பாய் ஒரு மூலையில கழண்டிருக்கு. அத மட்டும் ஆணி வெச்சு அடிச்சிட்டுப் போ."